பேசும்போது சத்தத்த உண்டாக்குறது நாக்கா, காத்தா?

கேள்வி இதுதான்: க, ச, ட, த, ப எல்லாம் நாக்கும் உதடும் எங்க படுதோ அத வச்சுப் பொறக்குதுன்னு ஸ்கூல்ல படிச்சோமே, அப்போ காத்துக்கு அதுல என்ன வேலை? இன்னொண்ணு, ஒரே 'க' எழுத்து 'பக்கம்'ல ஒரு மாதிரியும் 'பங்கு'ல வேற மாதிரியும் ஏன் கேக்குது? ரெண்டும் தனித்தனி கேள்வி மாதிரி தெரியும், ஆனா மொத கேள்விக்கு ஒழுங்கா பதில் சொன்னா ரெண்டாவதுக்கும் பதில் தானா வந்துரும், அதனால கொஞ்சம் நீளமாவே எழுதுறேன்.

மூச்ச நிறுத்திப் பிடிச்சுக்கிட்டு 'கடப்பாறை'ன்னு சொல்லிப் பாருங்க. நாக்கு போக வேண்டிய எடத்துக்கெல்லாம் சரியா போகும், உதடு ஒட்டும் பிரியும், ஆனா வார்த்தை வராது, அதிகபட்சம் சின்னதா ரெண்டு 'டிக்' சத்தம் வரலாம். நாக்கும் உதடும் செய்றது காத்துக்கு வழிய மாத்தி விடுறது மட்டும்தான். எங்க அடைக்கணும், எவ்ளோ நேரம் அடைக்கணும், எந்தப் பக்கம் திறந்து விடணும்னு அதுங்க பாத்துக்குது. சத்தமா மாறுறது காத்தோட அழுத்தமும் வேகமும். ஸ்கூல்ல பிறப்பிடம் மட்டும் மனப்பாடம் பண்ண வைக்கிறதால இந்தப் பாதி விட்டுப்போச்சு, அது எனக்கு உண்மையிலயே வருத்தம், ஏன்னா தொல்காப்பியத்துல பிறப்பியல் ஆரம்பிக்கிறதே 'உந்தி முதலா முந்துவளி தோன்றி'ன்னுதான். மொதல்ல காத்து கெளம்புது, அதுக்கப்புறம்தான் பல், இதழ், நா, மூக்கு, அண்ணம்னு உறுப்பு வரிசை வருது. அந்த வரிசையிலேயே நானும் போறேன்.

நுரையீரல்ல இருந்து தொடங்கலாம். சும்மா உக்காந்திருக்கும்போது மூச்ச உள்ள இழுக்குற நேரமும் வெளிய விடுற நேரமும் பெருசா வித்தியாசம் இல்லாம இருக்கும். பேச ஆரம்பிச்சதும் அது அப்படியே மாறிடும், சட்டுன்னு ஒரு இழுப்பு, அப்புறம் நீளமா வெளிய விடுறது, மொத்த நேரத்துல பத்துல ஒம்போது பங்கு வெளிய விடுறதுக்கே போயிரும். சாதாரணமா பேசுறதுக்குத் தேவைப்படுற அழுத்தம் ரொம்பக் கம்மி, 5-ல இருந்து 10 சென்டிமீட்டர் தண்ணி அளவுதான். இத நீங்களே பாக்கலாம்: ஒரு டம்ளர் தண்ணில ஸ்ட்ராவ ஏழெட்டு சென்டிமீட்டர் ஆழம் விட்டு மெதுவா ஊதுங்க, குமிழ் வர ஆரம்பிக்கிற அந்த எடத்துல உங்க வாய்க்குள்ள இருக்குற அழுத்தம்தான் நீங்க தினமும் பேசுறதுக்குச் செலவு பண்ற அழுத்தம்.

இதுல கஷ்டமான வேலை அந்த அழுத்தத்த வாக்கியம் முடியற வரைக்கும் ஒரே சீரா வச்சிருக்கிறது. நல்லா மூச்சு இழுத்த உடனே நுரையீரல் தானாவே சுருங்கப் பாக்கும், அப்படியே விட்டா மொத ரெண்டு வார்த்தை சத்தமா வந்து மீதி தேஞ்சு போயிரும். அதனால ஆரம்பத்துல, மூச்சு இழுக்குற தசைங்கதான் பிரேக் புடிக்குது. பாதி காத்து போனப்புறம் பிரேக் தேவைப்படாது, கடைசில விலா எலும்புக்கு நடுவுல இருக்குற மத்த தசைகளும் வயித்துத் தசைகளும் அமுக்கி மிச்சத்த வெளிய தள்ளுது. 1950-கள்ல எடின்பரோல ஒலியியல் அறிஞர் பீட்டர் லடஃபோகட்டும் கூட வேலை பாத்தவங்களும் தசைகள்ல மின் அளவு எடுத்து இத காட்டுனாங்க. நம்ம யாரும் இத யோசிச்சு செய்றதில்ல, ரெண்டு வயசு கொழந்தை கூட இத கத்துக்கிட்டு வருது.

அடுத்து குரல்வளை. அதுக்குள்ள இருக்குறது கம்பி மாதிரி இழுத்துக் கட்டுன நாண் கெடையாது, எதிரெதிரா இருக்குற ரெண்டு சின்ன சதை மடிப்பு. பெரியவங்களுக்கே ரெண்டு சென்டிமீட்டர் நீளம் தேறுனா அதிகம், பெண்களுக்கு இன்னும் கம்மி. பேசணும்னா இந்த ரெண்டு மடிப்பும் லேசா ஒட்டிக்கும், கீழ இருந்து அழுத்தம் ஏறும், ஒரு கட்டத்துல மடிப்பு பிரிஞ்சு கொஞ்சம் காத்து மேல போகும், மறுபடி ஒட்டிக்கும். ஆண்களுக்கு வினாடிக்கு 100-ல இருந்து 130 தடவ, பெண்களுக்கு 200-ஐ ஒட்டி, கொழந்தைங்களுக்கு 300 பக்கம். பலூன்ல காத்தடிச்சுட்டு அதோட வாயை ரெண்டு பக்கமும் இழுத்துப் பிடிச்சா ஒரு 'கீ...' சத்தம் வருமே, அதே சங்கதிதான்.

இங்க ஒரு விஷயத்த அழுத்திச் சொல்லணும், ஏன்னா நெறைய பேர் மூளை ஒவ்வொரு அதிர்வுக்கும் ஒரு கட்டளை அனுப்புதுன்னு நெனச்சுக்கிட்டு இருக்காங்க. 1950-ல ரவுல் ஹுஸ்ஸோன்னு ஒரு ஃபிரெஞ்சு ஆராய்ச்சியாளர் இதையே ஒரு கொள்கையா சொன்னார். அது நிக்கல. உச்சத்துல பாடுறவங்க குரல் வினாடிக்கு ஆயிரம் தடவ அதிருது, அந்த வேகத்துக்கு நரம்பும் தசையும் ஒவ்வொரு துடிப்பா வேலை செய்யவே முடியாது. அதவிட நேரடியான ஆதாரம் ஒண்ணு இருக்கு, எறந்தவங்க உடல்ல இருந்து எடுத்த குரல்வளைக்குள்ள காத்த ஊதுனாலே அது சத்தம் போடும், 1741-லயே அன்டுவான் ஃபெரைன் இத செஞ்சு காட்டிட்டார். அங்க மூளையும் இல்ல, நரம்பும் இல்ல. மூளை செய்றது மடிப்ப எவ்ளோ இறுக்கணும், எவ்ளோ நெருக்கமா வைக்கணும்னு முடிவு பண்றது, அதுக்கப்புறம் ஆட்டம் காத்தும் சதையும் சேந்து ஆடுறது. 1958-ல வான் டென் பெர்க் இத தெளிவா வகுத்துச் சொன்னார்.

அந்த ஆட்டம் ஏன் நிக்காம தொடருதுங்கறதுதான் எனக்கு இந்த மொத்த விஷயத்துலயே ரொம்ப பிடிச்ச பகுதி. பாடப்புத்தகத்துல 'காத்து வேகமா போகும்போது அழுத்தம் கொறையுது, அதனால மடிப்பு உறிஞ்சி ஒட்டிக்குது'ன்னு பெர்னூலி பேர சொல்லி ஒரே வரில முடிச்சிருவாங்க. அது தப்பு இல்ல, ஆனா போதாது. போகும்போதும் வரும்போதும் ஒரே அளவு உறிஞ்சுனா ஒரு பக்கம் குடுத்தத இன்னொரு பக்கம் புடுங்கிக்கும், அதிர்வு தேஞ்சு நின்னுரும். உண்மையில மடிப்பு ஒரு பலகை மாதிரி மொத்தமா அசையறதில்ல, மேல் தோல் மெத்து மெத்துன்னு இருக்கறதால கீழ் விளிம்பு முந்தி பிரியுது, மேல் விளிம்பு பிந்தி பிரியுது, சேரும்போதும் கீழ்தான் முந்துது, அலை மாதிரி கீழ இருந்து மேல ஓடுது. அதனால திறக்கும்போது அந்த இடைவெளி கீழ அகலமா மேல குறுகலா இருக்கு, மூடும்போது அதுக்கு நேர் எதிரா இருக்கு. திறக்குற வடிவத்துல உள்ள அழுத்தம் கூட, மூடுற வடிவத்துல அழுத்தம் கம்மி. ஆக ஒவ்வொரு சுத்துலயும் காத்து கொஞ்சம் சக்திய மடிப்புக்குக் குடுத்துட்டு போகுது, ஊஞ்சல் ஆட்டுறவங்க சரியான நேரத்துல தள்ளுற கணக்கு. 1980-கள்ல இங்கோ டீட்ஸாங்கற குரல் ஆராய்ச்சியாளர் இத கணக்குப் போட்டுக் காட்டினார். சளி பிடிச்சு மடிப்பு வீங்குனா குரல் கட்டுறதுக்கும் காரணம் இதுதான், அந்த மேல் தோல் வெறச்சுப் போனா அலை ஓடாது, அலை ஓடலன்னா அதே அழுத்தத்துல அதிர்வு கெளம்பாது, நீங்க இன்னும் அமுக்கிப் பேசுவீங்க, இன்னும் வீங்கும். அந்த நேரத்துல பேசாம இருக்கறதுதான் மருந்து.

குரல்வளைல இருந்து வர்றது வெறும் 'ர்ர்ர்'னு ஒரு ரீங்காரம், அதுல ஆ-வும் இல்ல ஈ-யும் இல்ல. அதுக்கு மேல தொண்டைல இருந்து உதடு வரைக்கும் இருக்குற சுமார் 17 சென்டிமீட்டர் குழாய்தான் உயிரெழுத்த பிரிக்குது. ஒரு பக்கம் மூடி ஒரு பக்கம் திறந்த அந்த நீளத்துக் குழாய் எந்த மாத்தமும் இல்லாம இருந்தா 500, 1500, 2500 ஹெர்ட்ஸ்ல ஒத்து அதிரும். நாக்க முன்னாடி தூக்குனா, தாடைய இறக்குனா, உதட்ட குவிச்சா இந்த எண்கள் நகரும். ஆண் குரல்ல 'ஈ'க்கு மொத ரெண்டும் ஏறக்குறைய 300, 2300. 'ஆ'வுக்கு 700, 1100. 'ஊ'வுக்கு 300, 900. காது இந்த ரெண்டு எண்ணத்தான் பிடிச்சு எந்த உயிர்னு சொல்லுது. 1779-லயே கிராட்ஸன்ஸ்டைன்ங்கறவர் அஞ்சு வேற வேற வடிவக் குழாய் செஞ்சு, காத்து பட்டா அதிர்ற நாணல் தகடு வழியா காத்த ஊதி அஞ்சு உயிரெழுத்த வரவச்சு செயின்ட் பீட்டர்ஸ்பர்க் அகாடமில பரிசு வாங்குனார். பன்னெண்டு வருஷம் கழிச்சு கெம்பெலன் துருத்தியும் தோல் குழாயும் வச்சு முழு வார்த்தை சொல்ற மிஷினையே விவரிச்சு எழுதினார்.

இதுல ஒரு குழப்பம் எல்லாருக்கும் வரும், இங்கேயே தீர்த்துட்டா நல்லது. காத்து நகர்றது வேற, சத்தம் நகர்றது வேற. நீங்க 'ஆ'ன்னு சொல்லும்போது வெளிய வர்ற காத்து வினாடிக்கு நூத்தம்பது இருநூறு மில்லிலிட்டர் கூட தேறலாம், மெதுவாத்தான் வரும், உதட்ட தாண்டி கொஞ்ச தூரத்துலயே கலஞ்சிரும். சத்தம் வினாடிக்கு 350 மீட்டர் வேகத்துல அந்தக் காத்துக்குள்ள ஓடுற அழுத்த அலை. காத்து குரல் மடிப்புல துண்டு துண்டா வெட்டப்படுது, அந்த வெட்டுதான் அலைய கெளப்புது. ஹீலியம் இழுத்துட்டு பேசுனா குரல் கீச்சுன்னு மாறுறதும் இதனாலதான்: மடிப்பு அதிர்ற வேகம் கிட்டத்தட்ட அதே, ஆனா ஹீலியத்துல அலை ரொம்ப வேகமா ஓடுறதால குழாயோட எண்கள் மட்டும் மேல ஏறிடுது. அதுக்கு நேர் எதிர் சோதனை கிசுகிசுக்கறது. அப்போ மடிப்பு அதிரவே அதிராது, குறுகலான சந்து வழியா காத்து சீறிக்கிட்டு வரும், அவ்ளோதான், இருந்தாலும் ஆ, ஈ, ஊ எல்லாம் தெளிவா புரியும், ஏன்னா குழாய் அதே வடிவத்துலதான் இருக்கு. (ஹீலியத்த சிலிண்டர்ல இருந்து நேரா வாயில வச்சு இழுக்குற வேலை மட்டும் வேண்டாம், அந்த அழுத்தம் நுரையீரல கிழிச்சிரும், ஆக்சிஜனும் இருக்காது.)

மெய்யெழுத்துக்கு வரலாம். காத்து போற சந்த ரொம்ப குறுக்குனா அதே அளவு காத்து வேகமா போயாகணும், ஒரு அளவுக்கு மேல போனா ஓட்டம் கொழம்பி சுழிக்க ஆரம்பிக்கும், அந்தச் சுழிப்புதான் 'ஸ்ஸ்' சத்தம். 'பசி'ல வர்ற ச-வ கவனிங்க, நாக்கு நடுவுல ஒரு மெல்லிசான பள்ளம் விழுது, அதுல இருந்து காத்து பீச்சி நேரா முன் பல்லு மேல மோதுது. சத்தத்துல பெரும்பகுதி அந்த மோதல்லதான் பொறக்குது, அதனாலதான் முன் பல் விழுந்த ஒண்ணாங்கிளாஸ் புள்ளைங்களுக்கு ச கொழகொழன்னு வருது, நாக்குல ஒரு குறையும் இருக்காது. 'ஷ'வுக்கு நாக்கு கொஞ்சம் பின்னாடி போகும், முன்னாடி இருக்குற அறை பெருசாகும், சத்தம் தடிக்கும். 'ஸ'வோட சக்தி 4000 ஹெர்ட்ஸுக்கு மேல இருக்கு, பழைய டெலிஃபோன் லைன் 300-ல இருந்து 3400 வரைக்கும்தான் கடத்தும், ஃபோன்ல இன்ஷியல் சொல்லும்போது எஸ்ஸா எஃப்பான்னு ரெண்டு தடவ கேக்க வேண்டி வந்ததுக்கு இதுதான் காரணம்.

இப்போ காத்த முழுசா அடைக்கிற ஒலிங்க, அதாவது வல்லினம். உங்க ரெண்டாவது கேள்வியும் இங்கதான் இருக்கு.

'ப'வுக்கு உதடு மூடுது, மூக்கு வழியையும் மெல்லண்ணம் (மேல்வாயோட பின்பக்கம் இருக்குற மெத்துன்னு அசையற சதை) அடைச்சிருது, காத்துக்கு வெளிய போக எடமே இல்ல. நுரையீரல் தள்ளிக்கிட்டே இருக்கு, வாய்க்குள்ள அழுத்தம் ஏறுது, உதட்ட திறந்ததும் பட்டுன்னு வெடிக்குது. வாய் மூடியிருக்குற நேரத்துல சத்தமே இல்ல, அந்த மௌனமும் கடைசி வெடிப்பும் சேந்துதான் 'ப'. நன்னூல் வல்லினத்துக்கு எடம் நெஞ்சுன்னு சொல்றத படிக்கும்போதெல்லாம், கீழ இருந்து தள்ளுற அந்த அழுத்தத்த அவங்க உடம்புல உணந்திருக்காங்கன்னு எனக்குத் தோணும்.

சரி, இந்த 'ப'வ குரல் மடிப்பு அதிர அதிர சொல்லணும்னு வச்சுக்கங்க, 'தம்பி'ல வர்ற மாதிரி. ஒரு சிக்கல் வருது. மடிப்பு அதிரணும்னா காத்து கீழ இருந்து மேல ஓடிக்கிட்டே இருக்கணும், ஓடணும்னா கீழ அழுத்தம் கூடவும் மேல கம்மியாவும் இருக்கணும். ஆனா வாய் மூடியிருக்கே, மேல வந்த காத்து வெளிய போக முடியாம சேந்துக்கிட்டே போகுது, கொஞ்ச நேரத்துல மேலயும் கீழயும் அழுத்தம் சமமாயிடுது, ஓட்டம் நிக்குது, அதிர்வும் நின்னு போகுது. கன்னமும் தொண்டையும் தானா விரிஞ்சு குடுக்குற எடத்த மட்டும் நம்புனா 100 மில்லிசெகண்டுக்குள்ளயே ஆட்டம் முடிஞ்சுரும். ஜான் ஓஹாலாங்கற ஒலியியல் அறிஞர் இந்த சங்கதிய வச்சு உலக மொழிகள்ல நடக்குற பல விஷயங்கள விளக்கினார்.

இத வச்சு நம்ம க-வ பாருங்க.

'பக்கம்', 'அப்பா', 'பாட்டு': இரட்டிக்கும்போது அடைப்பு ஒத்தைய விட ரெண்டு மடங்கோ அதுக்கு மேலயோ நீளம். அவ்ளோ நேரம் அதிர்வ தாக்குப் பிடிக்க வைக்கிறது கஷ்டம், அதனால அதிர்வே இல்லாத சுத்தமான வல்லொலி. 'பங்கு', 'தம்பி', 'வண்டி', 'பந்து': முன்னாடி மெல்லினம் இருக்கு, மூக்கு வழி திறந்து கெடக்கு, காத்து ஓடிக்கிட்டு இருக்கு, மடிப்பு அதிர்ந்துக்கிட்டு இருக்கு. ப-வுக்கு மாறும்போது மெல்லண்ணம் ஸ்விட்ச் போட்ட மாதிரி டக்குனு மூடாது, மெதுவாத்தான் மேல ஏறும், அந்தக் கசிவுல காத்து இன்னும் கொஞ்சம் ஓடும், அடைப்பும் குட்டி, அதனால அதிர்வு அறுபடாம அடுத்த உயிருக்கு போயிரும். 'பகல்', 'அது', 'ஓடு': ரெண்டு உயிருக்கு நடுவுல ஒத்த வல்லினம், நாக்கு சும்மா தொட்டும் தொடாம போகுது, சில சமயம் தொடறதே இல்ல, காத்து நிக்கவே இல்லாதப்போ அழுத்தம் எங்க சேரும்? அதிர்வு பாட்டுக்கு ஓடுது. (பசில வர்ற ச மட்டும் வேற வழி எடுத்துக்கிச்சு, அது சீறொலியா மாறிடுச்சு.) வார்த்தை ஆரம்பத்துல வர்ற 'கல்', 'பல்'லுக்கு மடிப்பு நிக்கிற நெலமைல இருந்து கெளம்பணும், அடைப்பு திறந்து காத்து ஓடுனா கெளம்பறது சுலபம், அதனால மறுபடி வல்லொலி.

ஆக ஒரு எழுத்து போதும்னு தமிழ் எழுத்துமுறை இருக்கறதுல குறை எதுவும் இல்ல. எந்த எடத்துல எந்த ஒலின்னு பெரும்பாலும் எடமே சொல்லிருது, அந்த எடம் சொல்றதும் காத்தோட போக்க ஒட்டியே இருக்கு. அதுக்காக இது மாத்த முடியாத இயற்கை விதின்னு நான் சொல்ல வரல. ஹிந்தி பேசுறவங்க இரட்டிச்ச ஒலியையும் அதிர்வோட சொல்றாங்க, குரல்வளைய கீழ இறக்கி, தொண்டைய விரிச்சு, காத்துக்கு எடம் பண்ணிக் குடுத்து சமாளிக்கிறாங்க. காத்து ஒரு பக்கம் சாயுது, அதோட போகறதா எதுத்து நிக்கிறதாங்கறது மொழிக்கு மொழி மாறுது. ஆனா சாய்வு எல்லா எடத்துலயும் தெரியும். ஜப்பான்காரங்க கட்டிலக் குறிக்கிற 'பெட்' (bed)ங்கற ஆங்கில வார்த்தைய கடைசி ஒலிய இரட்டிச்சு எடுத்துக்கிட்டாங்க, அங்க இருக்க வேண்டிய அதிர்வு பல பேர் வாயில கழண்டு போயிருது. இன்னொண்ணு, 'பங்கு'ல கேக்குற அதிர்வு உள்ள க-வுக்கு அடைப்பு ரொம்ப பின்னாடி விழுது, அதுக்கும் குரல்வளைக்கும் நடுவுல எடம் சின்னது, சீக்கிரம் நெரம்பிரும். அதனாலயோ என்னவோ தாய்லாந்து மொழில, டச்சுல, இலக்கிய அரபில எல்லாம் 'தம்பி'ல கேக்குற அதிர்வுள்ள ப மாதிரி ஒலி உண்டு, ஆனா அதிர்வுள்ள க மட்டும் சொந்தமா கெடையாது.

இதே விஷயத்தோட இன்னொரு முகம், அடைப்பு திறந்தப்புறம் அதிர்வு கெளம்ப எவ்ளோ நேரம் ஆகுதுங்கறது. 1964-ல லிஸ்கரும் ஆப்ராம்ஸனும் 11 மொழிகள்ல இத அளந்தாங்க, அதுல தமிழும் ஒண்ணு. ஆங்கிலத்துல வார்த்தை ஆரம்பத்துல வர்ற ப-வுக்கு ஏறக்குறைய 60 மில்லிசெகண்ட், அந்த இடைவெளில மடிப்பு அகலமா திறந்து கெடக்கு, காத்து புஸ்ஸுன்னு வருது. தமிழ் ப-வுக்கு 10, 20 மில்லிசெகண்டுக்குள்ள மடிப்பு அதிர ஆரம்பிச்சிருது. ஒரு டிஷ்யூ பேப்பர வாய்க்கு முன்னாடி தொங்க விட்டு 'பல்'னு சொல்லுங்க, பேப்பர் லேசா ஆடுனா அதிகம். ஆங்கிலம் தாய்மொழியா உள்ள ஒருத்தர 'பென்'னு சொல்லச் சொன்னா பேப்பர் தூக்கி அடிக்கும். நம்ம ஆளுங்க ஆங்கிலம் பேசும்போது ப-வ அவங்க வேற ஒலியா எடுத்துக்கறதுக்கு இந்த 50 மில்லிசெகண்ட் காத்துதான் காரணம்.

மெல்லினம் எளிமை. ப-வும் ம-வும் உதட்டுல ஒரே எடம், ம-வுக்கு மெல்லண்ணம் கீழ தொங்கி மூக்கு வழிய திறந்து விடுது, அவ்ளோதான் வித்தியாசம். 'ம்ம்ம்'னு இழுத்துக்கிட்டே மூக்க பிடிச்சுப் பாருங்க, டக்குனு நின்னுரும்.

'ர்ர்ர்'னு நாக்கு நுனிய உருட்டுறமே, அதுவும் தசை வேலை இல்ல. வினாடிக்கு 25 தடவ பக்கம் நாக்க நீங்களா ஆட்ட முடியாது, நாக்க தளர்வா சரியான எடத்துல நிறுத்துனா காத்து அத ஆட்டும், குரல் மடிப்புல நடந்த அதே கதைதான் பெரிய அளவுல நடக்குது. உருட்டத் தெரியலன்னு கஷ்டப்படறவங்க பெரும்பாலும் நாக்க இறுக்கிப் பிடிச்சு முயற்சி பண்றாங்க, தளத்தி விட்டு காத்த கூட்டணும்.

அடுத்து ழ. இதுக்கு நாக்கு நுனி பின்னாடி வளஞ்சு மேல போகும் ஆனா அண்ணத்துல ஒட்டாது, காத்து சீறாம, அடைபடாம நடுவுல சுலபமா போயிரும், காத்தோட்டத்த வச்சு பாத்தா ழ ஒரு உயிரெழுத்துக்கு ரொம்ப பக்கத்துல நிக்குது. அதோட தனி அடையாளம் குழாயோட மூணாவது எண் சரசரன்னு கீழ எறங்கறது. தொல்காப்பியம் 'நுனிநா அணரி அண்ணம் வருட'ன்னு சொன்னத இன்னிக்கு எம்ஆர்ஐ படமே காட்டுது, ஸ்ரீகாந்த் நாராயணனும் கூட இருந்தவங்களும் 1999-ல தமிழோட ர, ற, ல, ள, ழ அஞ்சையும் அப்படி படம் எடுத்து ஆராய்ச்சி வெளியிட்டாங்க. ழ வராதவங்க செய்ற பொதுவான தவறு நாக்க அழுத்தமா ஒட்டறது, ஒட்டுன உடனே காத்து ரெண்டு ஓரமா பிரிஞ்சு போகும், அது ள. சரியா வைக்கிறோமான்னு கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கு: ஒலிய சொல்லிட்டு நாக்க அசைக்காம அப்படியே வச்சு காத்த உள்ள இழுங்க. நாக்கோட ஓரத்துல ஜில்லுன்னா ள அல்லது ல, நடுவுல ஜில்லுன்னா ழ. வாயப் பிளந்து காட்டி சொல்லிக்குடுக்கறத விட இது சீக்கிரம் பிடிபடும்.

இதுவரைக்கும் சொன்னது எல்லாம் நுரையீரல்ல இருந்து வெளிய வர்ற காத்து. எல்லா மொழியும் இதத்தான் அடிப்படையா வச்சிருக்கு, ஆனா வேற வழிகளும் உண்டு. ஒருத்தர் கஷ்டத்த கேட்டதும் நாம 'ச்சு ச்சு'ன்னு உச்சு கொட்டுறோம் இல்லையா, அதுல நுரையீரலுக்கு வேலையே இல்ல, நாக்குக்கும் அண்ணத்துக்கும் நடுவுல வெற்றிடம் உண்டாக்கி காத்த உள்ள உறிஞ்சுறோம். நமக்கு அது பேச்சுக்கு வெளிய, ஆனா தென்னாப்பிரிக்காவுல ஸுலு, கோஸா மொழிகள்ல அது க, ச மாதிரி சாதாரண மெய்யெழுத்து. சிந்தில குரல்வளைய கீழ இறக்கிக்கிட்டே சொல்ற உள்ளிழுப்பு ஒலிங்க இருக்கு. ஜார்ஜிய மொழில குரல்வளைய மூடி மேல தூக்கி, வாய்க்குள்ள மாட்டுன காத்த மட்டும் வெடிக்க விடுறாங்க. வட ஸ்வீடன்ல 'ஆமா'ன்னு சொல்றதுக்கு சட்டுன்னு மூச்ச உள்ள இழுப்பாங்க, தெரியாதவங்க பதறிப் போவாங்க.

இந்த அறிவு உண்மையில தேவைப்படுற எடம் ஒண்ணு இருக்கு, அதுக்காகத்தான் இவ்ளோ எழுதுனேன். கேன்சரால குரல்வளைய எடுத்துட்டவங்களுக்கு நாக்கு, உதடு எல்லாம் நல்லா இருக்கும், ஆனா மூச்சு கழுத்துல இருக்குற ஓட்டை வழியா போகறதால வாய்க்கு காத்து வராது. மூச்சுக்குழாய்க்கும் உணவுக்குழாய்க்கும் நடுவுல ஒரு சின்ன வால்வ வச்சு, கழுத்து ஓட்டைய விரலால மூடுனா நுரையீரல் காத்து உணவுக்குழாய்க்குள்ள திரும்பும், அங்க இருக்குற தசை வளையம் அதிரும், கரகரப்பா இருந்தாலும் அவங்க சொந்த வார்த்தை திரும்ப வரும். சிங்கரும் பிளாமும் 1980 பக்கம் கொண்டுவந்த இந்த முறை இன்னிக்கும் நடக்குது.

கொழந்தைங்க விஷயம் இன்னும் முக்கியம். பேச்சு தெளிவா வரலன்னா நம்ம வீடுகள்ல மொதல்ல நாக்கு தடிமன்னு சொல்லி வசம்பு தடவுவாங்க. எந்த ஒலி வரல, எந்த ஒலி வருதுன்னு கவனிங்க. ம, ந, ல, உயிரெழுத்து எல்லாம் வருது, ஆனா ப, த, க, ச மட்டும் சோர்ந்து போயி, பேச்சே மூக்கால வர்ற மாதிரி இருந்தா, அங்க கோளாறு நாக்குல இல்லாம மெல்லண்ணத்துல இருக்க வாய்ப்பு உண்டு, வாய்க்குள்ள அழுத்தம் சேர்றதுக்கு முன்னாடியே காத்து மூக்கு வழியா கசிஞ்சிருது. அண்ணப்பிளவு வெளிய தெரியாம தோலுக்கு அடியில இருக்குறதும் உண்டு, உள்நாக்கு ரெண்டா பிரிஞ்சிருந்தா அது ஒரு அறிகுறி. ஒரு சின்ன கண்ணாடிய மூக்குக்கு கீழ பிடிச்சு 'பாப்பா', 'தாத்தா', 'காக்கா'ன்னு சொல்ல வைங்க, மூக்கொலி இல்லாத வார்த்தை இதெல்லாம், சொல்லும்போது கண்ணாடில ஆவி படியக்கூடாது (சொல்லி முடிச்சதும் எடுத்துருங்க, மூச்சு விட்டா படியத்தான் செய்யும்). திரும்பத் திரும்ப படிஞ்சா காது மூக்கு தொண்டை டாக்டர்கிட்டயும் பேச்சு சிகிச்சை நிபுணர்கிட்டயும் காட்டுங்க, காதையும் சேத்து பரிசோதிக்கச் சொல்லுங்க, ஏன்னா அண்ணத்துல குறை இருக்குற புள்ளைங்களுக்கு நடுக்காதுல நீர் கோக்குறது அடிக்கடி நடக்கும்.